ஒயரக்காவும் தானாக வந்த படங்களும்

அடுத்தவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், பார்த்ததை என்ன செய்ய வேண்டும்? வைத்தியருக்கும் வக்கீலுக்கும் இதற்கு ஏதோ ஒரு விதி இருக்கிறது. பழுது பார்க்க வருகிறவருக்கு அப்படி எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஒயரக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். அவருக்கு அது வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தாலும், 'உனக்கு வேற வேலை இல்லையா?' என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

எங்கள் அலுவலகத்தின் தொழில் கேட்டு எழுதுவது. விசாரணைகள், வாக்குமூலங்கள், வக்கீல்கள் பேசி வைத்த குறிப்புகள் எல்லாம் ஒலிப்பதிவாக வரும். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து பக்கங்களாக்கித் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொருவர் மேசையிலும் மூன்று திரைகள். இடது திரையில் ஒலிப்பதிவு ஓடும். நடுத்திரையில் பக்கம் வளரும். வலது திரையில் ஆள்பெயர், ஊர்ப்பெயர், சட்டச் சொல் எல்லாம் அடங்கிய சொற்பட்டியல் திறந்திருக்கும். காதில் ஹெட்போன். மேசைக்கு அடியில் பெடல். தையல் மெஷின் மிதி மாதிரி, ஆனால் ஒரே பலகையில் மூன்று மிதிகள். நடு மிதியை அழுத்தினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். வலது மிதி கொஞ்சம் பின்னால் ஓட்டிக் காட்டும். கை தட்டச்சை விட்டு எழ வேண்டியதே இல்லை.

இந்தப் பெடல் விஷயத்தில் அங்கே ஒரு பழக்கம் உண்டு. நாற்காலி மாறும், மேசை மாறும், மெஷின் மாறும். பெடலை மட்டும் யாரும் யாருக்கும் தர மாட்டார்கள். இடம் மாற்றினால் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பெடலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். செருப்பை மாற்றிப் போடுவதை விட அது கூச்சமான விஷயமாக இருந்தது. வருஷக்கணக்கில் ஒருவர் கால் பழகிய மிதி இன்னொருவர் காலுக்கு இடறும் என்பார்கள். அதில் உண்மையும் உண்டு, கொஞ்சம் பிகுவும் உண்டு.

ஒயரக்கா அந்த அலுவலகம் ஆரம்பித்தபோது சுவரோரமாக ஒயர் இழுக்க வந்தவர். இழுத்து முடித்தபின் போகவில்லை. முதலில் ஒரு பிளக் எரிந்தது, பிறகு ஒரு மானிட்டர் கறுத்தது, பிறகு ஒரு மெஷின் திறக்க மறுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறையைக் கொடுத்துவிட்டார்கள். செத்துப்போன மானிட்டர்கள் ஒரு பக்கச் சுவரை மறைத்து அடுக்கியிருக்கும். கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு அக்கா நடுவில் உட்கார்ந்திருப்பார். ஐம்பதைத் தாண்டியவர். ஆனாலும் அவரை விட மூத்த முதலாளியும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். படித்துக் கற்றது குறைவு, கழற்றிக் கற்றது அதிகம். மேதை என்று சொல்ல மாட்டேன். சில பழுதுகளை அவர் தேவையில்லாமல் பெரிதாக்கியதும் உண்டு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மெஷின்களில் பார்த்ததை அவர் மதியச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவார்.

"நம்ம சூப்பர்வைசர் மெஷின்ல ஃபேன் ஏன் அவ்வளவு சத்தம் போடுதுன்னு இப்பதான் புரிஞ்சுது," என்பார், டிபன் டப்பாவைத் திறந்தபடி.

"ஏன்க்கா?"

"முடி முளைக்க வைத்தியம் தேடித் தேடியே மெஷின் சூடாயிடுச்சு. அவர் தலையும் காத்தாடுது, மெஷினும் காத்தாடுது. ரெண்டுக்கும் ஒரே வியாதி."

எல்லோரும் சிரிப்பார்கள், சூப்பர்வைசரும் வேறு வழியின்றிச் சிரிப்பார். சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். தட்டச்சு வேகத்தால் அவருக்குப் 'புயல்' என்று பெயர். பேச்சில் புயல் கிடையாது. யாரோடும் ஒட்டாமல், வந்து உட்கார்ந்து, எழுதி, எழுந்து போகிற பெண். அவர்தான் ஒருநாள் முதலாளியிடம் போய், "நம்ம மெஷின்ல இருக்கிறதை எல்லாம் அவங்க ஊருக்குச் சொல்றாங்க. இது சரியில்ல சார்," என்று சொல்லிவிட்டார். முதலாளி அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அன்றிலிருந்து அக்காவுக்கும் புயலுக்கும் பேச்சு கிடையாது. தவிர்க்க முடியாமல் பேச நேர்ந்தால் இரண்டு பேரும் மூன்றாவது ஆளைப் பார்த்துப் பேசுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய வாடிக்கையாளரின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. முடிந்த பக்கங்களைப் போடுவதற்காக அவர்களோடு நாங்கள் பகிர்ந்துகொண்ட ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் பக்கங்களோடு பக்கமாக ஒரு ஸ்கிரீன்ஷாட் கிடந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய மூன்று திரைகளும் சேர்ந்து நீளமாகப் படமாகியிருந்தன. நடுத்திரையில் இருந்தது வேறொரு வாடிக்கையாளரின் வாக்குமூலம். இவர்கள் பார்க்கக் கூடாத பெயர்கள். சொற்பட்டியலின் தலைப்பில் இருந்த குறியீட்டை வைத்து அது புயலின் மேசை என்று கண்டுபிடிக்க முதலாளிக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த மெஷினைப் பார்த்தால், முடிந்த பக்கங்கள் சேர்கிற இடத்திலேயே இன்னும் ஒரு கத்தைப் படங்கள்.

அக்காவைக் கூப்பிட்டார்.

"இது என்னக்கா?"

"ஸ்கிரீன்ஷாட் சார்."

"அது எனக்கும் தெரியுது. எடுத்தது யாரு?"

"மெஷின்."

"எடுக்கச் சொன்னது யாரு?"

"அதைத்தான் பார்க்கணும். வேணும்னா இப்பவே நிறுத்திடலாம் சார். படத்தைத் தானா சேமிக்கிற செட்டிங்ல ஒரு டிக்கை எடுத்துவிட்டா முடிஞ்சுது."

"நிறுத்தினா யாருன்னு தெரியாமலே போயிடும். அந்தப் பொண்ணு வெளியில யாருக்கோ கொடுக்கிறதுக்கு எடுக்குதா, இல்ல வேற ஏதாவதா, எனக்குத் தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேற காரணம் கிடைக்கலைன்னா அந்தப் பொண்ணை அனுப்பிடுவேன். இல்லைன்னா வாடிக்கையாளருங்க நம்மளை இந்தத் தொழில்லயே இருக்க விட மாட்டாங்க."

அக்கா படங்கள் வெளியே போகிற வழியை மட்டும் அடைத்தார். இனி வருகிற படம் எதுவானாலும் மெஷினுக்குள்ளேயே ஒரு தனி ஃபோல்டரில் விழும். பொறி வைத்தாயிற்று. பிறகு வழக்கமான வரிசையில் தேட ஆரம்பித்தார்.

தானாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கீபோர்டை. பிரிண்ட் ஸ்கிரீன் கீ அழுக்கேறி ஒட்டிக்கொண்டால் அதுவே அழுத்திக்கொண்டிருக்கும். கீபோர்டை மாற்றினார். அன்று மாலையும் படம் விழுந்திருந்தது. மவுஸில் கூடுதல் பட்டன் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. வைரஸ் தேடினார், ஒன்றும் இல்லை. பின்னணியில் ஓடுகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். மானிட்டருக்குப் பின்னால் யாராவது பழைய கீபோர்டைச் செருகிவைத்து அதன்மேல் ஃபைலை அடுக்கியிருக்கிறார்களா என்றுகூட, மேசைக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடினார். முன்பு ஒருமுறை அப்படி நடந்திருந்தது. இந்த முறை தூசிதான் கிடைத்தது.

அவர் மேசைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தபோது புயல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "கிடைச்சதும் நமக்கும் சொல்லச் சொல்லுங்க. சாப்பாட்டு மேசையில கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டாம் பாருங்க."

அக்கா தூசியோடு எழுந்து அதே ஆளிடம், "ஒண்ணும் கிடைக்கலைன்னாதான் இவங்களுக்கு ஆபத்து. நான் தேடுறது இவங்களுக்காகத்தான்னு யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார். நடுவில் மாட்டிக்கொண்டவர் ஹெட்போனை இறுக்கிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் புயல் விடுப்பு எடுத்தார். அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து நாள் முழுவதும் வேலை செய்தார். ஒரு படம்கூட விழவில்லை. மறுநாள் புயல் வந்தார், படங்களும் வந்தன. முதலாளி அவரை ஜன்னலோரம் இருந்த வேறு மெஷினுக்கு மாற்றச் சொன்னார். வேறு மெஷின், வேறு கீபோர்டு, வேறு மவுஸ், வேறு திரைகள். புயல் அங்கே போய் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் அந்த மெஷினிலும் படம் விழுந்தது. எல்லா மெஷின்களையும் அக்கா ஒரே மாதிரிதான் அமைத்து வைத்திருந்தார், ஆகவே சேமிப்பதில் எந்தத் தடையும் இல்லை.

"இதுக்கு மேல என்னக்கா வேணும்?" என்றார் முதலாளி. "படம் மெஷினோட போகலை. ஆளோட போகுது."

அக்காவே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஒரு ஆளோடு வருவதெல்லாம் அந்த ஆளால் வருவது என்று நினைக்க நமக்கு ஒரு நாழிகைகூட ஆவதில்லை.

வியாழக்கிழமை மதியம் என் ஹெட்போனில் ஒரு பக்கம் குரல் வரவில்லை. நான் அங்கே பிழை திருத்துகிறவன். சரிசெய்து வாங்கப் படிக்கட்டு அறைக்குப் போனேன். அக்கா அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்று திரைகள் சேர்ந்த படம் சாதாரண மானிட்டரில் திறந்தால் ரிப்பன் மாதிரி மெலிதாகத்தான் தெரியும். முதலாளியும் மற்றவர்களும் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கி, எந்தப் பெயர் வெளியே போனது என்று பார்த்திருந்தார்கள். அக்கா இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இதைப் பாருங்க," என்றார் என்னிடம். "இதுல ஒலிப்பதிவு நின்னிருக்கு. இதுலயும் நின்னிருக்கு. இதுலயும். ஒரு படத்துல கூட ஓடிக்கிட்டு இல்ல."

"அதனால?"

"நடுவுல பாருங்க. ஒரே பக்கத்தை அடுத்தடுத்து எடுத்திருக்கு. வாக்கியம் பாதியில நிக்குது. வெளியில கொடுக்கிறதுக்கு எடுக்கிறவ, முழுப் பக்கத்தை இல்ல எடுப்பா? ஒரே அரைப் பக்கத்தை அஞ்சாறு தடவை எடுத்து என்ன பண்றது, பூஜை போடவா?"

பிறகு வலது ஓரத்தைப் பெரிதாக்கினார். வாடிக்கையாளரிடம் போன அந்த ஒரு படத்தைத் தவிர மற்றவற்றில், சொற்பட்டியலின் மூலையில், உள்ளங்கை அளவில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதில் ஓர் அறை. மேலேயிருந்து பார்க்கிற கோணம். ஒரு கட்டில், கட்டிலில் ஒரு வயதானவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுத்த படத்தில் அதே அறை, அவர் புரண்டு படுத்திருந்தார். இன்னொன்றில் கட்டில் காலியாக இருந்தது. அதற்கடுத்த படங்கள் வேகவேகமாக எடுக்கப்பட்டவை, எல்லாவற்றிலும் கட்டில் காலி. கடைசியில் ஒன்றில் அவர் கதவுப் பக்கத்திலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். அதோடு படங்கள் நின்றிருந்தன.

புயல் அப்பாவோடு தனியாக இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு முடியவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அவர் சொல்கிற ஆளில்லை. அந்த அறையில் வேலை செய்கிறவர்கள் வெளி இணைப்பு எதையும் திறக்கக் கூடாது என்பது வாடிக்கையாளர்கள் போட்ட நிபந்தனை. போன வருஷம் ரயில் டிக்கெட் பார்த்ததற்காக ஒருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக் கேமராவைத் திறந்து வைத்திருப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

அக்கா படத்தைச் சிறிதாக்கினார். என் ஹெட்போனை எடுத்து ஒயரைத் திருகினார். "சாலிடர் விட்டுப்போச்சு. சாயங்காலம் வாங்க," என்றார். நான் ஹெட்போனை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்தேன்.

அன்று மாலை அவர் வீட்டில் நடந்ததை அவருடைய கணவர் பின்னால் எனக்குச் சொன்னார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வந்ததும் வராததுமாகச் செருப்பை மூலையில் விட்டெறிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னிக்கு எவன் உங்களைக் கொன்னான்?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"ஒரு அம்மா. காலை எடுங்கம்மா, கிளட்சுல இருந்து காலை எடுங்கம்மான்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. நான் வெக்கலையே சார்னு சொல்றாங்க. வெச்சுக்கிட்டேதான் சொல்றாங்க. கால் அங்க இருக்கிறதே அவங்களுக்குத் தெரியலை. வலது பக்கம் கண்ணாடியைப் பாருங்கன்னா போதும், உடம்பு அந்தப் பக்கம் திரும்புது, இடது கால் ஊணி மிதிக்குது."

"அப்படியே பிடிச்சு வெச்ச மாதிரி நின்னா. சரி, ரசிச்சுக் கேக்கறான்னு நானும் இன்னும் ரெண்டு கதை சொன்னேன். ஒண்ணும் காதுல ஏறலை," என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை காலை புயல் வருவதற்கு முன்பே அக்கா அலுவலகத்தில் இருந்தார். புயலின் பெடல் மேசைக்கு அடியில் இருந்தது. குனிந்து இடது மிதியைக் கையால் அழுத்தினார். ஃபோல்டரில் ஒரு படம் விழுந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். முன்பு கொஞ்ச காலம் அந்த அலுவலகத்தில் வீடியோக்களுக்கு வசனம் சரிபார்க்கிற வேலை நடந்தது. பிழை வருகிற இடத்தைக் காலாலேயே படம் எடுத்துக்கொள்ள வசதியாக அந்தப் பிரிவினரின் பெடல்களில் இடது மிதியைப் பிரிண்ட் ஸ்கிரீனாக அமைத்திருந்தார்கள். அந்த அமைப்பு கம்ப்யூட்டரில் இருக்காது. பெடலுக்குள்ளேயே சின்ன நினைவகத்தில் இருக்கும். எந்த மெஷினில் செருகினாலும் அதே வேலையைச் செய்யும். அந்த வேலை நின்றதும் பெடல்கள் அலமாரிக்குப் போயின. புயலின் பழைய பெடல் உடைந்தபோது அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தவர் அக்காதான். நடு மிதியையும் வலது மிதியையும் அழுத்திப் பார்த்தார், வேலை செய்தன. கேட்டு எழுதுகிறவர்கள் இடது மிதியைத் தொடுவதே இல்லை, ஆகவே அதை அவரும் தொடவில்லை. பென்சில் எடுத்துக் கொடுப்பது போல அது அவருக்கு அன்றே மறந்தும்போனது. விடுப்பு நாளில் வந்தவர் தன் பெடலைக் கொண்டுவந்தார். ஜன்னலோரம் போன புயல் தன் பெடலைத் தூக்கிக்கொண்டு போனார். மெஷின், கீபோர்டு, நாற்காலி எல்லாவற்றையும் மாற்றிய யாரும் பெடலை மட்டும் மாற்ற நினைக்கவில்லை. அங்கே பெடல் மெஷினின் பாகமாக இல்லை. ஆளின் பாகமாக இருந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். முதலாளி தானே ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். படம் விழுந்ததும் சிறுபிள்ளை மாதிரி இன்னொரு தடவை மிதித்தார்.

"அவங்க ஏன் இதை மிதிக்கணும்?"

"மிதிக்கலை சார், ஊணுறாங்க. ஒலிப்பதிவை நிறுத்திட்டு மூணாவது திரையைப் பார்க்கத் திரும்புறப்போ இடது கால் அதுமேல ஊணுது. அவங்களுக்கே தெரியாது. பெடலை சரியாப் பார்க்காமக் கொடுத்தது நான். தப்பு என்னோடது."

"போகட்டும் விடுங்க. வயித்துல பாலை வார்த்தீங்க," என்றார் முதலாளி. புயலைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். புயல் பெடலைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். இந்த முறை நடுவில் மூன்றாவது ஆள் இருந்தும் நேராகவே பேசினார்.

"வேற பெடல் கொடுங்க," என்றார்.

"கொடுக்கிறேன். மூணு மிதியையும் மிதிச்சுப் பார்த்துட்டே கொடுக்கிறேன்," என்றார் அக்கா. சமாதானம் அவ்வளவோடு முடிந்தது.

ஆனால் வாடிக்கையாளருக்கு அவ்வளவு போதவில்லை. முதலாளி போனில் விளக்கியதைக் கேட்டுவிட்டு, தங்கள் பக்கத்திலிருந்து ஒரு நிபுணரைத் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள். முதலாளி மகிழ்ச்சியோடுதான் இதை அக்காவிடம் வந்து சொன்னார்.

"பழைய படம் அத்தனையும் எடுத்து வைங்கக்கா. அந்த ஆள் ஒவ்வொண்ணையும் ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் பெரிசாக்கிப் பார்ப்பாராம். எந்தெந்தப் பேர் பதிவாகியிருக்குன்னு பார்த்துட்டு, நம்ம மேல தப்பில்லைன்னு எழுதிக் கொடுத்துடுவாராம். நல்லதாப் போச்சு. நம்ம கிட்டதான் ஆதாரம் இருக்கே."

"சரி சார்," என்றார் அக்கா.

திங்கட்கிழமை நிபுணர் வந்தார். மரியாதையான மனிதர். பெடலை மிதித்துப் பார்த்தார், அக்கா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். பிறகு ஃபோல்டரைத் திறந்தார். அதில் ஒன்றும் இல்லை. மற்ற இடங்களிலும் தேடினார். சும்மா நீக்கியதல்ல, மீட்கவே முடியாதபடி துடைக்கப்பட்டிருந்தது. அவர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி அக்காவைப் பார்த்தார்.

"படமெல்லாம் எங்கக்கா?"

"இல்ல சார்."

முதலாளி அவரைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கீழ்ப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

"என்னக்கா இது? தலையில கல்லைப் போடுறீங்களே. எங்க போச்சு?"

"அழிச்சுட்டேன் சார்."

"ஏன்?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கெட்டவர் இல்லை முதலாளி. யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, கேளுங்க. பழைய ஃபைலை மெஷின் தானே துடைச்சுடுற செட்டிங் ஒண்ணு உண்டில்ல? போன தடவை நீங்கதானே எனக்குக் காட்டினீங்க?"

"உண்டு சார்."

"அது ஓடிடுச்சுன்னு சொல்லிடுங்க. தெரியாம விட்டுட்டேன்னு சொல்லுங்க. பெடல் கையில இருக்கு, காரணம் புரிஞ்சுபோச்சு, அந்த ஆளும் ஒத்துக்குவார். நானும் ஒத்துக்கிறேன். எல்லாரும் வேலையைப் பார்க்கப் போகலாம். நீங்களே வேணும்னு அழிச்சீங்கன்னா, அப்புறம் அவங்க உங்களை இந்த வாசல்படி ஏற விட மாட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?"

"புரியுது சார்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழற்றினார்கள். ஜன்னலோரம் புயலும் கழற்றினார். அவருடைய வலது திரையின் மூலையில் இப்போது எந்த ஜன்னலும் திறந்திருக்கவில்லை. நிபுணர் வருகிறார் என்று தெரிந்து மூடியிருப்பார். தன் வீட்டு அறை அந்தப் படங்களில் விழுந்திருந்தது என்பது அவருக்கு அப்போதும் தெரியாது. பிறகும் யாரும் சொல்லவில்லை.

"பழைய ஃபைலைத் தானா துடைக்கிற அமைப்பு ஏதாவது இருக்கா அம்மா?" என்று நிபுணரே கேட்டார். கேட்ட விதத்தில், 'இருக்கிறது' என்று சொன்னால் போதும், நோட்டை மூடிவிடுவேன் என்பது தெரிந்தது. முதலாளி அக்காவின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"இருக்கு," என்றார் அக்கா. "ஆனா அது துடைக்கலை. நான்தான் அழிச்சேன். தெரிஞ்சே அழிச்சேன்."

அந்த வாரமே அவர் படிக்கட்டு அறையைக் காலி செய்தார். செத்த மானிட்டர்களை அப்படியே விட்டுவிட்டு, டெஸ்டரையும் டிபன் டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வாடிக்கையாளர் எங்களோடு தொடர்ந்தார்கள். புயல் வேலையில் நீடித்தார். இப்போது அக்கா கடைத்தெருவில் ஒரு மாடியில் மூன்று பேரோடு சேர்ந்து பழுது பார்க்கிறார், முன்பு மாதிரியே வாய் ஓயாமல் பேசுகிறார்.

ஏன் அப்படி ஒப்புக்கொண்டார் என்று அவர் கணவர் என்னிடம் கேட்டார், நானும் அக்காவிடமே கேட்டேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் படங்களை அழித்தார் என்றால் அது எனக்குப் புரியும். அவர்கள் பகையைத் தாண்டி அது புரியும். ஆனால் படங்கள் அழிந்தாகிவிட்டன, அந்தப் பெண்ணுக்கு இனி ஆபத்து இல்லை. ஒரு சின்னப் பொய், அதுவும் இரண்டு பேர் கையில் வைத்து நீட்டிய பொய், அக்காவையும் காப்பாற்றியிருக்கும். மதியச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ கதைகளுக்குக் கைகால் வைத்தவர் அவர். அந்த ஒரு வாக்கியத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, பிரித்துப் போட்டிருந்த ஒரு மானிட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இந்த ஸ்குரூவைக் கொஞ்சம் பிடிங்க," என்றார். நான் பிடித்துக்கொண்டேன்.